நான்கு நொடித் தூரம்

காலை உணவுக் கூடத்தில் இட்லி ஆறிப்போவதைப் பற்றிச் சோம்பன் ஊரில் யாரும் கவலைப்படுவதில்லை. ஒருவர் பேச ஆரம்பித்தால், பேசி முடித்து ‘இனி உங்ககிட்ட’ என்று சொல்லும்வரை எதிரே இருப்பவர் வாயைத் திறக்கக் கூடாது. பேசுகிறவர் நடுவில் நிறுத்தி யோசிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், மறந்துபோன பெயரைக் கூரையைப் பார்த்துத் தேடலாம். கேட்கிறவர் காத்திருக்க வேண்டியதுதான். குறுக்கே பேசுகிறவனை அங்கே அடுத்தவன் தட்டில் கை விட்டவனைப் போலப் பார்ப்பார்கள்.

அன்று வடிவின் எதிரே உட்கார்ந்திருந்தவன் சவரிராயன். பேச்சறையில் பூமிக்கு இணைப்புப் போட்டுக் கொடுக்கிறவன். தூத்துக்குடிக்காரன், அறிவுரை சொல்வதென்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

“யக்கா, இன்னைக்கு நேர்ப்பேச்சுல ஒங்க முறை. பதினஞ்சு நிமிசம். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. பூமியில உள்ளவங்க ‘உன்கிட்ட’ன்னு சொல்லி முடிக்க மாட்டாங்க. பக்கத்துல வந்தாச்சுல்லா, இனி அது எதுக்குன்னு விட்டுருவாங்க. அவங்க நிறுத்துன உடனே நீங்க பேசிறணும். காத்துக்கிட்டு இருந்தீங்கன்னா…”

சவரிராயன் ஒரு விள்ளல் இட்லியை வாயில் போட்டு நிதானமாக மென்றான். வடிவு காத்திருந்தாள்.

“…காரியம் கெட்டுரும். இனி ஒங்ககிட்ட.”

“எனக்குத் தெரியாதாப்பா?” என்றாள் வடிவு. தெரியும்தான். தெரிவது வேறு, சமயத்தில் வாயில் வருவது வேறு.

சோம்பன் ஒரு விண்பாறை. பதிவேட்டில் அதற்கு ஏதோ எண் உண்டு. குடியேறிய தமிழர்கள் வைத்த பெயர்தான் இது. பூமி பன்னிரண்டு மாதத்தில் சூரியனைச் சுற்றி முடிக்கிறது. பூமிக்குச் சற்று வெளிப்பக்கமாகச் சுற்றும் இந்தப் பாறை அதே வேலைக்குப் பதின்மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பின்தங்கிப் பின்தங்கி, ஒரு கட்டத்தில் சூரியனுக்கு அந்தப் பக்கமே போய்விடும். பதின்மூன்றாம் ஆண்டில் பூமி ஒரு சுற்று கூடுதலாக ஓடி வந்து பின்னாலிருந்து எட்டிப் பிடிக்கும். விளையாட்டுத் திடலில் ஓடுகிறவன் நடக்கிறவனை ஒரு சுற்று முந்துவது போலத்தான். அப்படி முந்துகிற சில வாரங்களுக்கு ‘அண்மை’ என்று பெயர். பூமியோடு நேர்ப்பேச்சு நடப்பதும் அப்போதுதான்.

இரண்டுமே நொடிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன என்று சொல்வார்கள். பாறைக்குள் குடைந்து வைத்த உருளை ஊரில் அது யாருக்கும் தெரியாது. தம்ளரில் தண்ணீர்கூடத் தளும்பாது. ஒளித்தாமதத்தில்தான் அது தெரியும். தொலைவான காலத்தில் ஒரு சொல் பூமிக்குப் போய்ச் சேரப் பதினேழு நிமிடம், பதில் திரும்ப இன்னொரு பதினேழு. அந்தத் தூரத்தில் குறுக்கே பேசுவதற்கு வழியே இல்லை. மனதில் இருப்பதை முழுதாகச் சொல்லி, முடித்ததற்கு அடையாளமாக ஒரு ஒப்படைச்சொல் வைத்து அனுப்ப வேண்டும். அப்படிப் பழகிய ஊர், தனக்குள் பேசும்போதும் அதையே மரியாதையாக வைத்துக்கொண்டுவிட்டது. அண்மை வந்ததால் மட்டும் நாக்கு மாறிவிடுமா?

வடிவு நீர்க்காய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தாள். பாறைப் பொடியை உலையில் சுட்டு அதிலிருந்து நீராவியைப் பிரித்தெடுக்கும் வேலை. சோம்பனுக்கு வந்து ஒரு முழு அண்மைச் சுழற்சி ஆகிவிட்டது. கணவர் பெயர் குற்றாலம், பூமியில் பணகுடியில் இருந்தார். காற்றாலைக் கோபுரங்களில் ஏறிப் பழுது பார்த்தவர், இப்போது கீழே நின்று மற்றவர்களை ஏற்றிவிடுகிறார்.

அவர்கள் ஒன்றாக இருந்த காலத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை இல்லை. அதைப் பற்றிக்கூட இருவரும் உட்கார்ந்து பேசியதில்லை. அவர் அரை வாக்கியம் சொல்வதற்குள் இவள் மீதி அரையைத் தானே சொல்லி அதற்குப் பதிலும் சொல்லிவிடுவாள். இவள் பேச ஆரம்பித்தால் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். சோம்பனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இவள் கோபத்தில் எழுதிப் போட்டாள். “போயேன், யாரு பிடிச்சா?” என்றார் அவரும் கோபத்தில். இரண்டு கோபமும் சேர்ந்து அவளை விண்ணோடத்தில் ஏற்றிவிட்டது.

முதல் ஆண்டு பேச்சே இல்லை. பிறகு ஒருநாள் அவரிடமிருந்து ஒரு மடல் வந்தது. இருபது நிமிடம், முகமும் குரலுமாக. தன் தம்பி கோபுரத்திலிருந்து விழுந்து இறந்த நாளைப் பற்றி, அன்று கயிற்றைச் சரிபார்த்தது தான்தான் என்பதைப் பற்றி. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அதைச் சொன்னதே இல்லை. சொல்ல ஆரம்பித்த இரண்டு தடவையும் தான் குறுக்கே பேசியது வடிவுக்கு நினைவு வந்தது. நடுவில் ‘ஐயோ’ என்றுகூடச் சொல்ல முடியாமல் அவள் அதைக் கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். அன்றுதான் அவர்களுக்குள் குடித்தனம் தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

அதன் பிறகு அவர்கள் பேசாத வாரம் கிடையாது. சமையல், ஊர்க்கதை, உடம்பு வலி, பயம் எல்லாம் போய் வந்தன. கண்காணாத இடத்தில் இருந்துகொண்டு தன் புருஷன் மேல் புதிதாக ஆசை வைத்தாள் வடிவு. சொன்னால் வெட்கக்கேடு, ஆனால் உண்மை. உலையை அணைத்துவிட்டு அறைக்குத் திரும்பும்போது அந்த ஆள் பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று நினைப்பாள். அவள் கீழே போக முடியாது. ஆறில் ஒரு பங்கு எடையில் பழகிய எலும்பு பூமியின் கனத்தைத் தாங்காது என்று மருத்துவர் எப்போதோ சொல்லிவிட்டார். அவர்தான் மேலே வர வேண்டும். ஓடம் வருவது அண்மையில் மட்டும். அடுத்த அண்மையில் அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிடும், ஏற்றிக்கொள்ள மாட்டார்கள். இப்போது வந்தால்தான் உண்டு.

போன மாதம் அவர் மடலில் சொல்லியிருந்தார். “நேர்ப்பேச்சுல உன்கிட்ட ஒண்ணு கேக்கணும் வடிவு. இப்பவே கேட்டிரலாம். ஆனா நீ யோசிச்சு, அழகா அடுக்கிச் சொல்லுத பதில் எனக்கு வேண்டாம். கேட்ட உடனே உன் முகத்துல என்ன வருதோ அதைப் பாக்கணும். இனி உன்கிட்ட.”

என்ன கேட்கப் போகிறார் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன! அன்றைக்கே அறையின் மடக்குக் கட்டிலைப் பிரித்துத் துடைத்தாள். பொருளறைக்குப் போய் இன்னொரு போர்வை கேட்டு வாங்கி வந்தாள். “விருந்தாளியா?” என்று கேட்டவளிடம் பதில் சொல்லாமல் சிரித்தாள்.

பேச்சறை வாசலில் கூட்டம் இருந்தது. உள்ளே போனவர்கள் சிரித்த முகத்தோடு போய்ப் பாதிப் பேர் கடுத்த முகத்தோடு வந்தார்கள். முந்தைய ஆள் ஒரு மூத்த பொறியாளர். தன் மகளோடு ஆண்டுக்கணக்காகத் தேனாகப் பேசி வந்தவர், வெளியே வந்ததும் “அவ என்னை ஒரு வார்த்தை முடிக்க விடல” என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். கிட்ட உறவு முட்டப் பகை என்று சும்மாவா சொன்னார்கள்!

பாறை அப்போது நிலாவைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் இருந்தது. சொல் போக இரண்டு நொடி, பதில் வர இரண்டு நொடி. இருப்பதிலேயே மோசமான தூரம் அதுதான் என்பான் சவரிராயன். மடலுக்கு அது கிட்டம், பேச்சுக்கு எட்டம்.

திரை ஒளிர்ந்தது. குற்றாலம் தெரிந்தார். தலை முழுக்க வெள்ளை. மடல்களில் பார்த்த அதே முகம்தான், ஆனால் இது இந்த நிமிடத்து முகம்.

“வடிவு! கேக்குதா? எப்படி இருக்கே? ஏ, மெலிஞ்சு போயிட்டியே!”

அவள் காத்திருந்தாள். பிறகு சவரிராயன் கண்ணாடிக்கு அப்பால் கையை ஆட்டுவதைப் பார்த்துப் பதறி, “நல்லா இருக்கேங்க, நீங்க…” என்று ஆரம்பித்தாள். அதே நேரம் அவரும் “கேக்குதாட்டி?” என்று ஆரம்பித்தார். இருவரும் நிறுத்தினார்கள். இருவரும் “சொல்லு”, “சொல்லுங்க” என்றார்கள். மறுபடியும் இருவரும் நிறுத்தினார்கள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு வந்து சேர்ந்தபோது அவளும் சிரித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே முட்டி மோதி ஊர்க்கதை பேசினார்கள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“எதிர்த்தாப்ல உக்காந்து பேசுத மாதிரியே இருக்கு பாரு. சரி, கேக்கேன். ஓடத்துல சீட்டு போட்டு வச்சிருக்கேன் வடிவு. நாளைக் கழிச்சு ஏறணும். நான் அங்க வந்துரட்டுமா? உன்கூடவே இருந்துரட்டுமா?”

வடிவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் இன்னும் ஏதோ சொல்லப் போகிறார், சொல்லி முடிக்கட்டும், முடித்து அந்தச் சொல்லைச் சொல்லட்டும், சொன்னதும் ‘வாங்க’ என்று கத்த வேண்டும் என்று நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு மடலில்கூடத் தவறாமல் ‘இனி உன்கிட்ட’ என்று சொன்ன மனுஷன், அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை. பக்கத்தில் வந்துவிட்ட சந்தோஷத்தில் மறந்துபோனார்.

அவள் முன்னே திரையில் அவர் முகம் மெல்ல மாறியது. நான்கு நொடித் தாமதம் அவருக்கும் தெரியும். அவர் நான்குக்கு மேலும் காத்திருந்தார். எதிர்பார்ப்பில் விரிந்திருந்த முகம் சுருங்கியது, பிறகு ஒரு சிரிப்பை இழுத்துப் போட்டுக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் சவரிராயன் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினான்.

“சரி,” என்றார் குற்றாலம். “சரி வடிவு. தெரிஞ்சுபோச்சு.”

“ஏங்க, இல்லங்க, நான் வந்து…”

“சும்மாதான் கேட்டேன். எனக்கும் இங்க வேலை கிடக்கு. புதுப் பயலுவ ஒருத்தனுக்கும் கயிறு கட்டத் தெரியல…”

“நான் சொல்லுததைக் கேளுங்க! நீங்க முடிச்சேன்னு சொல்லவே இல்லையே!”

“என்ன முடிக்கல? கேட்டுட்டுத்தானே உக்காந்திருந்தேன்?”

“அந்த வார்த்தைதாங்க. உன்கிட்டன்னு…”

“அது தூரத்துப் பேச்சுக்குல்லாட்டி! வான்னு ஒரு வார்த்தை சொல்ல எதுக்கு அது? வேணும்னா வாயில தானா வராதா?”

“எங்களுக்கு எப்பவும் அப்படித்தாங்க. இங்க எல்லாரும்…”

“சரி, விடு. எதையாவது சொல்லிச் சமாளிக்காத.”

“நான் சமாளிக்கேனா? நீங்க என்னைக்கு என்னை முழுசாப் பேச விட்டிருக்கீங்க?”

“நானா? நீதானட்டி என்னைக்கும்…”

குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. அவள் சொல்வது அவருக்குப் போய்ச் சேரும்போது அவர் அடுத்ததற்குப் போயிருந்தார். பணகுடி வீட்டின் அடுக்களையில் கேட்ட அதே குரல்கள், ஒரு எழுத்து மாறாமல். பதினைந்து நிமிடம் முடிந்து திரை அணைந்தபோது வடிவு ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தாள்.

சவரிராயன் கதவைத் திறந்து நின்றான். அறிவுரை சொல்லாமல் வழிவிட்டான், அதுவே பெரிய காரியம். ஒரு வீட்டுக்கு ஒரு நேர்ப்பேச்சுதான். ஓடத்துக்கு வழி சொல்லும் பெரிய ஆன்டெனாவை அதற்கு மேல் கடன் கேட்க முடியாது. அவள் அங்கேயே நின்று கைப்பலகையில் எழுதி அனுப்பினாள்: ‘வாங்க. கண்டிப்பா வாங்க. வேண்டாம்னு நான் நினைக்கவே இல்ல.’ எழுதும்போதே அந்த எழுத்து எவ்வளவு அடுக்கி வைத்தது போல இருக்கிறது என்று அவளுக்கே தோன்றியது. கேட்டதும் முகத்தில் வரும் பதிலைத்தானே அவர் கேட்டிருந்தார்!

அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. உலை முன் நின்றவள் இரண்டு முறை வால்வைத் திறக்க மறந்தாள். ஓடம் பூமியை விட்டுப் புறப்பட்டுவிட்டது என்று ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரே கைதட்டிய பிறகுதான் மடல் வந்தது. அறைக்கு ஓடி வந்து கதவைச் சாத்திவிட்டுத் திறந்தாள்.

குற்றாலம் வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்கு எதிர்ப்புறச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். குரல் பழையபடி நிதானமாக இருந்தது, மடல்களின் குரல்.

“வடிவு, அன்னைக்கு நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்கிடாத. நீ எழுதினதைப் பாத்தேன். என் மனசு நோவக்கூடாதுன்னு எழுதியிருக்கே, அது எனக்குத் தெரியும். நீ நல்லவ. நாம ரெண்டு பேரும் தூரத்துலதான் நல்ல புருசன் பொண்டாட்டி. ஒரே அறைக்குள்ள போட்டா பதினஞ்சு நிமிசம் தாங்கல பாத்தியா? இந்த வயசுல உன்னை மறுபடியும் அந்த நரகத்துல தள்ள எனக்கு விருப்பமில்ல. சீட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன். நாங்குநேரிக்காரப் பையன் ஒருத்தன் வாரான். ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்காத. அன்னைக்கு நீ பேசாம இருந்தேல்லா, அப்ப எனக்கு வருத்தம் வரல. நிம்மதியாத்தான் இருந்துச்சு. நெசமாவே நிம்மதி. இனி உன்கிட்ட.”

நிம்மதி என்ற சொல் வடிவுக்குச் சுட்ட இடத்தில் எண்ணெய் தடவுவது போல வலித்தது. இத்தனை ஆண்டு அவள் ஆசையாக வளர்த்த ஒன்று அவருக்குப் பாரமாக இருந்திருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடலாம். கட்டிலைத் துடைத்ததை, போர்வை வாங்கியதை, நாக்கு நுனியில் நின்ற அந்த ஒரு சொல்லை எல்லாம் சொல்லலாம். சொல்லி என்ன ஆகப் போகிறது? ஓடம் போயாயிற்று. நிம்மதியாக இருக்கிற மனுஷன் தலையில், சாகும்வரை தூக்கிச் சுமக்க ஒரு கல்லை ஏற்றி வைப்பதா? ஏற்கனவே தம்பி கயிற்றைச் சுமந்துகொண்டிருக்கிறவர்.

அவள் பதிவை இயக்கினாள். முதல் தடவை குரல் உடைந்தது. அழித்தாள். இரண்டாம் தடவை கண் காட்டிக் கொடுத்தது. முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி ஆரம்பித்தாள். பிறகு எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடைசியில் ஒன்று சரியாக வந்தது. வெங்காயம் விலை சொல்வது போல இயல்பாக இருந்தது.

“நீங்க சொன்னது சரிதாங்க. எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு. உடம்பைப் பாத்துக்கிடுங்க. வாரா வாரம் பேசுவோம். இனி உங்ககிட்ட.”

அனுப்பினாள். பூமி இன்னும் பக்கத்தில்தான் இருந்தது.

பிறகு செய்ய ஒன்றும் இல்லாததால் அவர் மடலை மறுபடி ஓடவிட்டாள். முதல் தடவை முகத்தை மட்டுமே பார்த்தவள், இப்போது முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வீட்டைப் பார்த்தாள். தன் வீடு. அவர் தலைக்கு மேலே சுவரில் வெயில் ஒரு கட்டமாக விழுந்திருந்தது. ‘மனசுல வச்சுக்கிடாத’ என்று அவர் சொன்னபோது அது சுவரில் இருந்தது. ‘நீ நல்லவ’ என்றபோது அவர் தோளுக்கு இறங்கியிருந்தது. சீட்டைத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லும்போது தரையில் கிடந்தது. அவள் கருவியில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு தட்டு தட்டினாள்.

சோம்பனில் விளக்கு நகராது. உருளைக்குள் எங்கும் எப்போதும் ஒரே வெளிச்சம். வெயில் என்பது சுவரில் நடந்து போகிற ஒரு பொருள் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அது நினைவுக்கு வந்ததும் மடலை நிறுத்தி முதலிலிருந்து ஓட்டினாள். கட்டம் சுவரில் இருந்தது காலை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் வெயில் தாவியது. அவர் தாவவில்லை, அதே சட்டை, அதே நாற்காலி. அவருக்கு அடியில் பூமிதான் சுழன்றுகொண்டே இருந்திருக்கிறது. கடைசி வாக்கியத்தில் வெயிலே இல்லை. நிம்மதி என்ற சொல்லை அவர் டியூப்லைட் வெளிச்சத்தில் சொன்னார்.

காலையில் உட்கார்ந்த மனுஷன், அவளைப் போலவே அழித்து அழித்துப் பேசி, அந்தச் சொல்லைக் குரல் நடுங்காமல் சொல்ல இருட்டும்வரை ஆகியிருக்கிறது. வடிவு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுடைய மடல் அதற்குள் பணகுடிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.